புலியின் நிறத்துக்கு ஒரு பஞ்சாயத்து

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். குளத்தங்கரையில் ஓர் அத்தி மரம். மரத்தின் மேலே மூக்காயி என்ற மந்தி குடியிருந்தது. மரத்தின் கீழே ஒரு புள்ளிமான் கூட்டம் மேய்ந்தது.

இரண்டு தரப்புக்கும் நெடுநாளாக ஓர் ஒப்பந்தம் உண்டு. மூக்காயி அத்திப்பழத்தைப் பாதி தின்றுவிட்டு மீதியைக் கீழே போடும். மான்கள் அதைப் பொறுக்கித் தின்னும். மரத்தில் இருந்து மூக்காயி காவல் பார்க்கும். தரையில் இருந்து மான்கள் மோப்பம் பிடிக்கும். ஆபத்து முதலில் யாருக்குத் தெரிகிறதோ அவர் சத்தம் போட வேண்டும்.

சத்தம் போடுவதில்தான் சிக்கல். அந்தக் காட்டில் யாரும் புலியின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் புலி வந்து நிற்கும் என்று ஒரு பயம். சொல்லாவிட்டாலும் அது வந்து நின்றுகொண்டுதான் இருந்தது. அதை யாரும் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆகவே மூக்காயி, "செவலை! செவலை!" என்று கத்தும். சிவப்பும் பழுப்பும் கலந்த மாட்டைச் செவலை என்போமே, அந்த நிறம்தான். மான்களுக்கு அது நிறமா, ஊரா என்றுகூடத் தெரியாது. செவலை என்று காதில் விழுந்தால் ஓட வேண்டும், அவ்வளவுதான். அர்த்தம் கேட்காமல் ஓடியதால் அவை உயிரோடு இருந்தன.

ஒரு மழைக்காலத்தில் கூட்டத்துக்குப் புதுத் தலைவன் வந்தது. பெயர் கொம்பழகன். கொம்பு உண்மையிலேயே அழகுதான். அதைச் சுமக்கிற தலையைப் பற்றி அவ்வளவு நல்லவிதமாகச் சொல்ல முடியவில்லை.

ஒருநாள் மாலை மூக்காயி, "செவலை! செவலை!" என்று கத்தியது. எல்லா மானும் ஓடின. எல்லாவற்றுக்கும் முன்னால் கொம்பழகன் ஓடியது. ஓடிய வேகத்தில் குளத்துச் சேற்றில் கொம்பு குத்தி, பின்னங்கால் இரண்டும் வானத்தைப் பார்க்க விழுந்தது. குட்டிகள் சிரித்துவிட்டன. ஒரு முயல்கூடச் சிரித்தது.

சேற்றைத் துடைத்துக்கொண்டு கொம்பழகன் திரும்பிப் பார்த்தது. புல், புதர், இலை. வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை அது மரத்தடியில் வந்து நின்றது. "ஏ மூக்காயி! செவலைன்னா என்னட்டி?"

"நிறம்."

"யாரோட நிறம்?"

"அவரோட நிறம்! வேற யாரோடது? நல்லா சிவந்து, கொஞ்சம் பழுத்து, பளபளன்னு இருப்பாருல்லா."

கொம்பழகன் காதை ஆட்டியது. "அவரு நிறம் பச்சை! நான் அவரைப் பக்கத்துல பாத்திருக்கேன். புல்லு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருப்பாரு. மேல கறுப்புக் கோடு."

"பச்சையா? உமக்குக் கண்ணுல என்ன வே, பீளையா?"

"வாயை அளந்து பேசு! நேத்து நான் திரும்பிப் பாத்தேன். ஒரே பச்சை. சிவப்பும் இல்ல, கிவப்பும் இல்ல!"

"அந்தப் பச்சைக்கு நடுவுலதான் அவரு உக்காந்து உம்மையே பாத்துட்டு இருந்தாரு. நீரு விழுந்த அழகைப் பாத்து அவருக்கே பாய மனசு வரல!"

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மூக்காயிக்கு நல்ல கண் உண்டு, வாய்க்கு மட்டும் கதவு கிடையாது.

கொம்பழகனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "சிவப்புன்னு ஒரு நிறமே கிடையாது! எங்களை ஓட விட்டு, கிளையில உக்காந்து வேடிக்கை பாக்க நீயே கட்டிவிட்ட கதை!"

"கிடையாதா? இந்தா பாரும்." மூக்காயி கிளையைக் காட்டியது. "இந்தக் கொத்துல சிவப்பா இருக்கிறது பழம். பச்சையா இருக்கிறது காய். தொடாம சொல்லுதேன். இது பழம். இது காய். இது பழம். பறிச்சுப் போடுதேன், கடிச்சுப் பாரும்!"

ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. கொம்பழகன் கடித்துப் பார்த்தது. மூக்காயி சொன்னது அத்தனையும் சரி. காயைக் கடித்ததில் வாயெல்லாம் பால் ஒட்டிக்கொண்டது.

"மோந்து பாத்துச் சொல்லுத," என்றது கொம்பழகன், வாயைத் துடைத்துக்கொண்டே.

"எனக்கு இருக்கிற மூக்கை வச்சா?" என்று மூக்காயி தன் தட்டை மூக்கைத் தொட்டுக் காட்டியது.

"பஞ்சாயத்துல பேசிக்கிடுவோம்!" என்று சொல்லிவிட்டுக் கொம்பழகன் போய்விட்டது. தோற்றுப்போகிறவர்களுக்குப் பஞ்சாயத்து மாதிரி வசதியான இடம் வேறு இல்லை.

இந்தச் சண்டையைக் கேட்டு அதிகம் பயந்தது வடிவுதான். வடிவு அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்மான். போன மழைக்கு அதற்கு ஒரு குட்டி இருந்தது. ஒருநாள் மூக்காயி வேறு மரத்துக்கு விருந்து போயிருந்தது. காவல் இல்லை. அன்றைக்குத்தான் குட்டி போனது. இந்த மழைக்கு மறுபடி ஒரு குட்டி பிறந்திருக்கிறது. சொன்ன இடத்தில் நிற்காத குட்டி. அத்திப்பழ வாசனை எங்கே வந்தாலும் அங்கே மூக்கை நுழைக்கும்.

"யக்கா, நீ கோவிச்சுக்கிட்டு எங்கேயும் போயிராதே," என்று வடிவு மரத்தைப் பார்த்துக் கெஞ்சியது. "நீ கத்தலேன்னா என் பிள்ளை கெதி என்ன?"

"பொய்க்காரின்னு தீர்ப்பு சொன்னா எனக்கு இங்க என்ன வேலை? மலைக்கு அந்தப் பக்கமும் அத்தி மரம் இருக்கு," என்றது மூக்காயி.

சாயங்காலம் பஞ்சாயத்து கூடியது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. யார் கனமோ அவர்தான் தலைவர் என்பது அங்கே வழக்கம். அதனால் காட்டெருது நடுவில் வந்து படுத்து அசைபோட்டது. மான்கள், காட்டுப்பன்றி, சிரித்துத் தொலைத்த முயல், எல்லாம் சுற்றி நின்றன. பூவுக்கு வந்த ஒரு தேனீயும் வேடிக்கை பார்க்க நின்றது. அதன் பெயர் ரீங்காரி. தான் பார்க்காத பூ உலகத்தில் இல்லை என்பது அதன் நினைப்பு.

எதிரே, குளத்துக்கு அப்பால், பெரிய வானவில் ஒன்று விழுந்திருந்தது.

"இதோ சாட்சி!" என்று மூக்காயி குதித்தது. "வானவில்லுல எல்லா நிறமும் இருக்கு. மேல் ஓரத்தைப் பாருங்க. அதுதான் சிவப்பு!"

எல்லாம் அண்ணாந்து பார்த்தன.

"மேல ஒரு மஞ்சள் தெரியுது. கீழ ஒரு நீலம் தெரியுது," என்றது கொம்பழகன். "மஞ்சளுக்கு மேல மங்கலா என்னமோ இருக்கு. அதுக்கு மேல வெறும் வானம்!"

"ஆமா, வெறும் வானம்!" என்றன மான்கள். "வெறும் வானம்!" என்றது காட்டுப்பன்றி. காட்டெருது, "ம்ம்," என்றது.

மூக்காயி ரீங்காரியைப் பார்த்தது. "நீ சொல்லு தாயி. பூப்பூவாப் போறவ. உனக்குத் தெரியாத நிறமா?"

"தெரியாத நிறம் கிடையாது," என்றது ரீங்காரி பெருமையாக. "அதனாலதான் சொல்லுதேன், சிவப்புன்னு ஒண்ணு இல்ல. நீ காட்டுற இடத்துல எனக்கு இருட்டாத்தான் தெரியுது. அதை விடு. கீழ் ஓரத்துல, ஊதாவுக்கும் உள்ளார, ஒரு பட்டை ஜொலிக்குதே, அதை ஏன் யாரும் பேச மாட்டேங்கீங்க?"

"ஊதாவுக்கு உள்ளாரயா?" மூக்காயி உற்றுப் பார்த்தது. வெறும் வானம்தான் தெரிந்தது. உடனே கிளையில் புரண்டு புரண்டு சிரித்தது. "அங்க ஒண்ணுமே இல்ல! சரியான புளுகுணி! இல்லாத பட்டைக்கு ஜொலிப்பு வேற!"

"உனக்குத் தெரியலேன்னா இல்லைன்னு ஆயிருமா?" என்று ரீங்காரி சீறியது.

"அதைத்தான் நான் காலையில இருந்து..." என்று ஆரம்பித்த மூக்காயி சட்டென்று நிறுத்தியது. ஆனால் தன் தப்பை ஒத்துக்கொள்ள அதற்கு மனம் வரவில்லை. வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டது.

இந்த இடத்தில் கதையை ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

குளத்தில் காட்டெருது இறங்கினால் அகல அகலமாக அலை கிளம்பும். ஒரு நீர்ப்பூச்சி ஓடினால் நெருக்க நெருக்கமாகச் சின்ன அலை கிளம்பும். வெளிச்சமும் அலையாகத்தான் வருகிறது. அது இந்த அலைகளைவிட மிக மிகச் சின்னது, அவ்வளவுதான் வித்தியாசம். அகலமான அலை கண்ணில் பட்டால் சிவப்பு. அதைவிடக் கொஞ்சம் நெருங்கினால் மஞ்சள், பச்சை. இன்னும் நெருங்கினால் நீலம். கடைசியில் ஊதா. அதற்கும் அந்தப் பக்கம் இன்னும் நெருக்கமான அலைகள் உண்டு.

இந்த அலைகளைப் பிடிக்கக் கண்ணுக்குள்ளே வலைகள் இருக்கின்றன. மந்திக்கும் நமக்கும் மூன்று விதமான வலை. மானுக்கு இரண்டே விதம். அதனால் சிவப்பையும் பச்சையையும் அது தனித்தனியாகப் பிரிக்க முடியாது. தேனீக்கு மூன்று விதம் உண்டு. ஆனால் அவை நெருக்கமான அலைகளின் பக்கம் தள்ளி இருக்கின்றன. ஊதாவைத் தாண்டிய அலையும் அவற்றில் விழும், சிவப்பு நழுவிவிடும். தன் வலையில் விழாத மீன் குளத்திலேயே இல்லை என்று மூவரும் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். சரி, கதைக்கு வருவோம்.

"ஓட்டு எடுத்திருவோம்," என்றது காட்டெருது. அதற்குத் தூக்கம் வந்துவிட்டது. "அவரு நிறம் என்ன? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"பச்சை!" என்றது கொம்பழகன். "பச்சை!" என்றது காட்டுப்பன்றி. "பச்சை!" என்றது முயல். அது புலியைப் பார்த்ததே கிடையாது. மான்கள் வரிசையாகப் பச்சை, பச்சை என்றன.

வடிவின் முறை வந்தது. "எனக்கும் பச்சையாத்தான் தெரியுது. ஆனா..."

"ஆனாவெல்லாம் கிடையாது! பச்சைக்கு ஒரு ஓட்டு!" என்றது கொம்பழகன்.

அப்போது குளத்தோரத்து உண்ணிச்செடிப் புதருக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

"பச்சைதான்! அதுல என்ன சந்தேகம்?"

நல்ல கனமான குரல். புதரில் இருந்தது புலியேதான். காற்று மான்களின் பக்கம் இருந்து புதரை நோக்கி அடித்ததால் ஒரு மானுக்கும் வாடை எட்டவில்லை. வெகுநேரமாக அது வடிவின் குட்டியைக் குறிபார்த்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தது. ஆனால் தன்னைச் செவலை என்று ஒரு மந்தி சொன்னதும் அதற்குப் பொறுக்கவில்லை. புலியின் கண்ணிலும் மானைப் போல இரண்டே விதமான வலைதான். பிறந்ததில் இருந்து தன் கையைக் காலை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி அது. என் நிறம் எனக்குத் தெரியாதா என்று அதற்கு ரோஷம் வந்துவிட்டது.

"கேட்டீங்களா!" என்று கொம்பழகன் துள்ளியது. "என்ன ஒரு கம்பீரமான குரல்! வெளியூர் ஆளு போலிருக்கு. அண்ணாச்சி, முன்னால வந்து சொல்லுங்களேன்!"

"வேண்டாம் தம்பி. எனக்கு இங்கேயே வசதியா இருக்கு."

"பாருங்க, என்ன அடக்கம்!" என்றது கொம்பழகன்.

காட்டெருது தலையை ஆட்டியது. "எல்லாரும் பச்சைன்னு சொல்லியாச்சு. மந்தி சொன்னது பொய். இனிமே அது செவலைன்னு கத்தக் கூடாது. பச்சைன்னுதான் கத்தணும்." தீர்ப்பைச் சொல்லிவிட்டு அது எழுந்து புல்வெளிப் பக்கம் போய்விட்டது.

தீர்ப்பு காதில் விழுந்தாலும் மூக்காயியின் கவனம் அதில் இல்லை. குரல் வந்த புதரையே பார்த்துக்கொண்டிருந்தது. பச்சை இலைக்குப் பின்னால் செக்கச்செவேல் என்று ஒரு தோள் தெரிந்தது. ஒரு காது தெரிந்தது. வடிவின் குட்டி, உருண்டு போன ஓர் அத்திப்பழத்தைத் தேடிக்கொண்டு நேராக அந்தப் புதருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

"செவலை! செவலை!"

"பாத்தீங்களா! தீர்ப்பு சொல்லி முடிக்கல, மறுபடியும் ஆரம்பிச்சுட்டா!" என்றது கொம்பழகன். "யாரும் ஓடாதீங்க! நின்ன இடத்துல நில்லுங்க!"

மூக்காயி கிளையைப் பிடித்து உலுக்கியது. சரி, சட்டப்படியே கத்துவோம் என்று நினைத்தது. "பச்சை! பச்சை வந்துட்டு! பச்சை!"

மான்கள் சுற்றிலும் பார்த்தன. புல் பச்சை. இலை பச்சை. குளத்துப் பாசி பச்சை.

"எந்தப் பச்சை?" என்று ஒரு மான் கேட்டது.

"உண்ணிச்செடிக்குள்ள இருக்கிற பச்சை!"

"உண்ணிச்செடியே பச்சைதானே?"

"செடிக்குள்ள இருக்கிற சிவப்புப் பச்சை! ஐயோ, என் தலைவிதியே!" என்று மூக்காயி மார்பில் அடித்துக்கொண்டது.

வடிவு புதரைப் பார்த்தது. கண்ணை அகல விரித்துப் பார்த்தது. வெறும் இலைதான் தெரிந்தது. பிறகு அண்ணாந்து மூக்காயியின் முகத்தைப் பார்த்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல யக்கா," என்றது வடிவு. "உனக்குத் தெரியுதுல்லா? அது போதும்."

அவ்வளவுதான். காலைத் தரையில் ஓங்கி மிதித்து, தொண்டை கிழியக் கத்தி, குட்டியை ஒரே முட்டாக முட்டித் திருப்பி, அதைத் தள்ளிக்கொண்டு பறந்தது. அந்த நொடியில் புதர் வெடித்தது போலப் புலி பாய்ந்தது. குட்டி நின்றிருந்த இடத்தில் அதன் இரண்டு கையும் வந்து விழுந்தன. கையில் அகப்பட்டது ஓர் அழுகல் அத்திப்பழம்.

வடிவு ஓடியதைப் பார்த்துக் கூட்டமே ஓடியது. பன்றி ஓடியது. முயல் எப்போது ஓடியது என்றே யாரும் பார்க்கவில்லை.

நின்றது கொம்பழகன் மட்டும்தான். அது புதருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தது. "கோழைகளா! தீர்ப்பை மதிங்க! சிவப்புன்னு ஒண்ணு கிடையாது!"

மூக்காயிக்கு ஒரு நொடி, தின்னட்டும் என்று தோன்றியது. ஆனால் மனம் கேட்கவில்லை. காட்டில் யாரும் வாயால் சொல்லாத அந்தச் சொல்லை அது முதல்முறையாகச் சொன்னது.

"ஏலே கொம்பழகா! புலிடா! உனக்குப் பின்னால புலி!"

கொம்பழகன் பதறிப்போனது. "அடிப்பாவி! பேரைச் சொல்லிட்டியே! இப்ப வந்துரும்லா!"

"வந்துட்டேன்," என்றது பின்னால் இருந்து அந்தக் கம்பீரமான குரல்.

கொம்பழகன் எகிறிய எகிறலை அந்தக் காட்டில் இன்னும் பேசுகிறார்கள். புலியின் பல்லில் வால் நுனி மட்டும் சிக்கியது. மீதிக் கொம்பழகன் குளத்தைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, மலையடி வரை போய் நின்றது.

புலி வாயில் இருந்த மயிரைத் துப்பியது. பிறகு மரத்தை நிமிர்ந்து பார்த்தது. "ஏம்மா, நிஜமாவே நான் செவலையா?"

"நல்ல செவலை. கண்ணைப் பறிக்கிற மாதிரி," என்றது மூக்காயி.

புலி குளத்தில் குனிந்து தன் நிழலைப் பார்த்தது. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. "பச்சைதான்," என்று முனகிவிட்டுப் பசியோடு நடையைக் கட்டியது.

மறுநாள் கொம்பழகன் குட்டை வாலோடு மரத்தடிக்கு வந்தது. வெகுநேரம் காலால் மண்ணைக் கிளறியது. "மூக்காயி, நான் பேசினது தப்பு. இனிமே நீ செவலைன்னே கத்து. எனக்குத் தெரியாட்டாலும் ஓடுதேன்."

"மலைக்கு அந்தப் பக்கம் போலாம்னு இருந்தேன்," என்றது மூக்காயி.

கொம்பழகன் தலை குனிந்தது. கீழே வடிவும் குட்டியும் நின்றிருந்தன. குட்டி வாயைத் திறந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்காயி ஒரு பழத்தைப் பாதி கடித்து அதன் காலடியில் போட்டது. வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரத்தில் ரீங்காரி ஒரு மஞ்சள் பூவைச் சுற்றிக்கொண்டிருந்தது. மூக்காயி வாலைச் சொறிந்தது, காதைச் சொறிந்தது. அப்புறம் மெல்ல இறங்கி வந்தது.

"தாயி, நேத்து சிரிச்சதை மனசுல வச்சுக்கிடாதே. ஊதாவுக்கு உள்ளார ஒரு பட்டை இருக்குன்னியே, அது எப்படி இருக்கும்?"

"இந்தப் பூவுக்கு நடுவுலயும் அதே நிறத்துல ஒரு வளையம் இருக்கு. எனக்குத் தேன் இருக்கிற இடத்தைக் காட்டுறதே அதுதான்," என்றது ரீங்காரி. "எப்படி இருக்கும்னு சொல்லுதேன். ஆனா நீ முதல்ல உன் சிவப்பு எப்படி இருக்கும்னு சொல்லு."

மூக்காயி வாயைத் திறந்தது. யோசித்தது. வாயை மூடியது. வாய்க்குக் கதவே இல்லாத மூக்காயிக்குப் பிறந்ததில் இருந்து முதல்முறையாகச் சொல்ல ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

இரண்டும் அந்த மஞ்சள் பூவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

தன் கண்ணுக்குத் தெரியாதது உலகத்திலேயே இல்லை என்று அடித்துப் பேசுகிறவன் அடுத்தவர் கண்ணால் கிடைக்கும் காவலை இழப்பான். தெரிகிறது என்று சொல்பவரை நம்பத் தெரிந்தவனோ தன் பிள்ளையோடு வீடு போய்ச் சேருவான்.